மறைக்க வேண்டிய கோடுகள்

மிசிசாகாவில், டிக்ஸி ரோட்டுக்குப் பின்னால்,
ஜன்னல் இல்லாத ஒரு கட்டடத்தில்
கோடுகளை மறைப்பது என் வேலை.

ஆறு சோப்பு வரும், முதுகு காட்டி.
ஒவ்வொரு முதுகிலும் அதனதன் கோடு, அதனதன் எண்,
தனியாக விலைபோகத் தேவையான எல்லாம்.
அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
பிறகு பிளாஸ்டிக் உறை, பிறகு சூட்டுக் குகை.
உள்ளே போகும்போது தொளதொளவென்று போகும்,
வெளியே வரும்போது
போட்டோவுக்கு எக்கிப் பிடித்த வயிறு மாதிரி.
மேலே புதிதாய் ஒரே ஒரு கோடு.

ஏன் மறைக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டேன்.
டோரோட்டா சிரிக்காமல் சொன்னாள்:
கடைக் கல்லாவின் சிவப்பு வெளிச்சத்துக்குக் கண் உண்டு,
கணக்குத் தெரியாது.
உள்ளே இருக்கும் ஒன்று எட்டிப் பார்த்தாலும் போதும்,
அதைப் படித்துவிட்டு
ஆறையும் ஒன்றின் விலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடும்.

ஷிப்டுக்கு நாலாயிரம் ஸ்டிக்கர்.
மூன்றாம் மாதம் என் போன்
என் பெருவிரலை யாரென்று தெரியாது என்றது.
துயெத்துக்கும் அப்படித்தானாம்;
அவள் இப்போது மூக்கால் திறக்கிறாள்,
செய்தும் காட்டினாள்.

பிப்ரவரியில் சட்பரியிலிருந்து ஒரு பலகை திரும்பி வந்தது.
பனி அப்படியே அட்டையில் ஒட்டியிருந்தது.
ஸ்டிக்கர் எல்லாம் விரற்கடை இடதுபக்கம் விலகி,
கோடுகள் பல்லைக் காட்டிக்கொண்டு.
ஒன்பது நாள்
அந்தக் கடையில் ஆறு சோப்பு
ஒரு டாலர் நாற்பத்தொன்பது காசு.
ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
வாங்கியவர்கள் மறுநாளும் வந்திருக்கிறார்கள்,
மச்சானைக் கூட்டிக்கொண்டு,
பக்கத்து வீட்டுக்காரியின் காரில்.

சீட்டில் தேதி: ஜனவரி பதினொன்று.
கையெழுத்து: என்னுடையது.

அன்று என்ன நடந்தது என்று டோரோட்டா கேட்டாள்.
ரோல் கோணலாய் இருந்தது என்றேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில்
ஒரு கடிதத்தைப் பதினொரு தடவை படித்தேன்.
அதுவரை வந்த கடிதமெல்லாம்
கிருபாநிதிக்கு வந்தவை.
அவர் எண்ணில், அவர் பெயருக்குக் கீழே,
சார்ந்து வருபவர் ஒன்று: நான்.
சார்ந்து வருபவர் இரண்டு: சின்னவன்.
அவர் வின்சருக்குப் போய் இரண்டு வருடம்,
ஆனாலும் எந்த ஜன்னலில் நின்றாலும்
உங்கள் கணவர் வரவில்லையா என்றார்கள்.
இந்தக் கடிதத்தில் மேலே என் பெயர்.
எழுத்துப்பிழை இருந்தது, இருக்கட்டும்.
பக்கத்தில் பத்து இலக்கத்தில் ஓர் எண்.
பஸ் கார்டை, பால் பாக்கெட்டை, சின்னவனின் பள்ளிக்கூட நம்பரை
மறந்துபோகிற நான்
அதை அங்கேயே மனப்பாடம் செய்தேன்.
பிறகு போய் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள்.
அதில் என் பெயர் சரியாக இருந்தது.

திரும்பி வந்த பலகையைப் பிரிப்பதும் என் தலையிலேயே விழுந்தது.
கத்தி வைத்துக் கீறினால்
உறை ஒரு பெருமூச்சு விட்டுத் தளர்கிறது.
சோப்புகள் உடனே பிரிவதில்லை.
சூட்டில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டவை
கையால் நெம்ப வேண்டியிருக்கிறது.
உறை கிழிந்தவற்றை ஊழியர் மேசையில் போடுவார்கள்,
எது எடுத்தாலும் இருபத்தைந்து காசு.

நான் ஒன்றுதான் எடுத்தேன்.
துயெத் நாலு எடுத்தாள்,
சட்பரி முழுக்க இந்நேரம் குளித்து மணக்கும் என்றாள்,
மூக்கால் போனைத் திறந்து மணி பார்த்தாள்.

பஸ் வர இன்னும் பதினாறு நிமிடம்.
கோட்டுப் பைக்குள் சோப்பின் முதுகைத் தடவிப் பார்த்தேன்.
வழுவழுத்த விரலுக்குக் கோடு தட்டுப்படவில்லை.
நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தேடினேன்,
வீதி விளக்கு எரிகிறவரை சுரண்டிக்கொண்டிருந்தேன்.